சாந்துப் பொட்டு வைத்த இசைத்தட்டுகள்

மச்சான்,

தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். அரக்கு வாசனை, பழைய அட்டை வாசனை, பாச்சை உருண்டை வாசனை. இவற்றுக்கெல்லாம் அடியில் சாந்துப் பொட்டு வாசனையும் இருந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். அந்தப் பொட்டுகளை என் கையாலேயே கழுவிவிட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இருந்தது. என் மூக்கை நான் நம்புகிறேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் உன் மகள். ஆவடி வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளையோடு போய் இருக்கப்போகிறாளாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திருநின்றவூர் வரைக்கும் வந்தாள். "மாமா, இத்த உங்ககிட்டதான் குடுக்கணும்னு நைனா சொல்லிக்கினே இருந்தாரு. எங்க ஊட்ல யாருக்கும் இது இன்னான்னே தெரியாது" என்றாள். காபி குடித்தாள். போகும்போது பெட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாற்பத்தொரு இசைத்தட்டுகள். நம்மிடம் இருந்தவை அத்தனையும் இருக்கின்றன. ஓரத்தில் விரிசல் விட்ட அந்த ஒன்றும்கூட.

இப்போது உனக்கு ஒரு சேதி. இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நானே எழுதுகிறேன். ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். போன வருஷம் சேர்ந்தேன். வகுப்பில் நான்தான் மூத்தவன். மற்றவர்கள் எல்லாம் பெண்கள். ஆரம்பத்தில் பென்சில் என் விரலுக்குள் நிற்கவே இல்லை. மூட்டை தூக்கின கைக்குப் பென்சில் கனமாக இல்லையே என்பதுதான் கஷ்டம். இப்போது நிற்கிறது. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, போகவேண்டிய வேலை எதுவும் இல்லாமலேயே ஒருநாள் பூந்தமல்லிக்குப் போய்த் திரும்பினேன். அவ்வளவு சந்தோஷம்.

எதற்காகச் சேர்ந்தேன் தெரியுமா? உனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்காக. நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. போனவனுக்குக் கடிதமா என்று டீச்சர் கேட்கவில்லை. "யாருக்கு வேணா எழுதலாம் தாத்தா" என்றாள். கோவில்பதாகைக் கல்யாணத்தில் உன் பெயரைக் கெடுத்தவன் நான், உன் மைக் செட் கைவிட்டுப் போனதற்குக் காரணம் நான் என்று என் கையால் எழுதிவிட வேண்டும், அது போதும் என்று இருந்தேன். 'மன்னிப்பு' என்ற சொல்லை மட்டும் இரண்டு பக்கம் எழுதிப் பழகினேன்.

பெட்டி வந்த பிறகு கடிதம் மாறிவிட்டது. அதை வரிசையாகச் சொல்கிறேன். அவசரப்படாதே. நான் மெதுவாகத்தான் எழுதுவேன்.

நாம் பழகியது என் வண்டியால். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் மூன்று சக்கர வண்டி வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்குச் சரக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நமக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நீ பெரம்பூரில் ஒரு பெரியவரிடம் மைக் செட்டை வாங்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினாய். ஆம்ப்ளிஃபயர், தட்டு சுழலும் பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், கார் பேட்டரி, இந்தத் தகரப் பெட்டி. "மாமே, ஒடையாம இட்டுகினு போவியா?" என்று கேட்டாய். முன்னே பின்னே பார்க்காதவனை மாமே என்று கூப்பிட்ட முதல் ஆள் நீதான். நானும் மச்சான் என்று சொல்லிவிட்டேன். கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், எதற்குப் போனாலும் என் வண்டியில்தான் செட்டு போகும். வண்டிக்கு வந்தவன் மரம் ஏறவும் ஆரம்பித்தேன். மரத்தில் குழாயைக் கட்டுவது என் வேலை, தட்டுப் போடுவது உன் வேலை.

முதல் பாட்டு திருமுல்லைவாயில் கல்யாணத்தில். விடிந்தும் விடியாத நேரம். பந்தலுக்குப் பக்கத்தில் இருந்த புளியமரத்தில் ஏறி, குழாயைக் கயிற்றால் கிளையோடு இறுக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். நீ கீழே சிவப்புப் பொட்டு வைத்த தட்டைப் போட்டாய். நாயனம். குழாய்க்குப் பின்னால் இருந்த எனக்குச் சத்தம் காதில் விழவில்லை, மரத்தில் விழுந்தது. கிளை அதிர்ந்து, என் தொடை வழியாக ஏறி, நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நின்றது. யாரோ பெரிய கதவு ஒன்றை இரண்டு கையாலும் தள்ளித் திறப்பது மாதிரி இருந்தது. நாட்டை ராகம் என்று அதற்குப் பெயர் இருப்பது பிற்பாடுதான் தெரியும்.

அது முடிந்ததும் நீ இன்னொன்று போட்டாய். ஒரு அம்மாள் பாடினார். தெலுங்குப் பாட்டு. ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாதது நல்லதாகப் போயிற்று, சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய வேலை இல்லை. காய்ச்சலில் படுத்திருப்பவனின் தலையைக் கோதிவிடுவது மாதிரி அந்தக் குரல் மேலே போகாமல், கீழேயும் போகாமல், அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. என் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தார்கள்.

கீழே இருந்து நீ கத்தினாய். "இன்னா மாமே, மரத்துலயே குடித்தனம் பண்ணப் போறியா? எறங்கு, நாஸ்டா ஆறிப்போவுது!"

"மச்சான், அந்தத் தட்ட இன்னொரு வாட்டி போடு, எறங்கறேன்."

"தபார்றா! போட்டா எறங்கறேன்னு மெரட்டறான். மரத்துமேல ஏறிக்கினு கேக்கற மொதல் ஆளு நீதான்டா."

போட்டாய். நான் இறங்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டாய். பெண் வீட்டுக்காரர் வந்து, "ஏம்பா, ஊசி மாட்டிக்கினு பூட்ச்சா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

நம் பொட்டு முறையை இங்கே எழுதி வைக்கவேண்டும். தட்டின் நடுவில் இருக்கிற காகிதத்தில் சாந்தால் பொட்டு வைத்திருந்தாய். சிவப்பு என்றால் காலையில் முதலில் போடுகிற மங்கலத் தட்டு. பச்சை என்றால் மாப்பிள்ளை அழைப்பு. பொட்டே இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். கருப்புப் பொட்டு ஒன்றே ஒன்று. அது துக்க வீட்டுப் பதினாறாம் நாளுக்கு. உடம்பு நிலையில்லாதது, சொந்தம் நிலையில்லாதது என்று ஒரு பெரியவர் உருகி உருகிப் பாடுவார்.

"படிக்கத் தெரியாதுன்னு வெக்கப்படாதே மாமே. பொட்ட பாரு, தட்ட போடு. உனக்கோசரம்தான் வெச்சிக்கீறேன்" என்றாய். எனக்கு அன்றைக்கு உன் காலைத் தொடலாம் போல இருந்தது. உன் வீட்டுக்காரி மட்டும், "கேளுண்ணே, எம் மூஞ்சிக்கு வெக்க சாந்து இல்ல. ரிக்கார்டுக்கு வெச்சு அழகு பாக்கறாரு" என்று முறைத்தாள். தங்கச்சியின் முறைப்பும் எனக்குப் பிடிக்கும்.

அது மட்டும் இல்லை. ஒவ்வொரு தட்டின் அட்டை உறையிலும் நீ பென்சிலால் எழுதுவாய். என் எதிரிலேயே, வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவாய். "இது... மாப்ள... அழைப்பு." நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வாய். உன் கை போகிற வேகத்தைப் பார்த்து, கடவுளே, இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

கை வலிக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

இன்றைக்குக் கோவில்பதாகை. இதை எழுதத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

பெரிய வீட்டுக் கல்யாணம். இரண்டு குழாயும் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியாக நடந்தால் ஆவடி, பட்டாபிராம் வரைக்கும் நம் செட்டைத்தான் கூப்பிடுவார்கள் என்று நீ ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு உன்னைவிடப் பரபரப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நீ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் போயிருந்தாய். பெட்டியைத் திறந்து பார்த்தேன். அம்பத்தூர்ச் செம்மண் தூசு எல்லாத் தட்டிலும் படிந்திருந்தது. உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நாற்பத்தொரு தட்டையும் அடிபம்பில் வைத்து, சீயக்காய் போட்டு, துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவினேன். வேப்பமர நிழலில் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். கரிச்சான் குருவி இறகு மாதிரி மின்னின. நடுக் காகிதங்களும் சுத்தமாக இருந்தன. ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

பொட்டைப் பார்த்துப் பிழைக்கிறவன் பொட்டைக் கழுவினேன் பார்.

நீ வந்து பார்த்தாய். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாய். முகம் எப்படியோ ஆகிவிட்டது. கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாய்.

"உடு மாமே. பொட்டு போனா இன்னா? எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"மறுபடி வெச்சிடு மச்சான். தங்கச்சிகிட்ட சாந்து கேக்கட்டா?"

"அப்பால வெச்சிக்கலாம். இப்ப போயி செட்ட ஏத்து."

மறுநாள் காலையில் முதல் தட்டு நல்லபடியாகப் போயிற்று. நாயனம். பார்த்துப் பார்த்து எடுத்தாய். ஓரத்தில் விரிசல் இருந்த தட்டு அது, உனக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கப்புறம் பொட்டில்லாத தட்டுகள் இரண்டு மூன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் ஏரிக்கரைத் திருப்பத்துக்கு வந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவந்தார். "போடுப்பா, அழைப்புப் பாட்டு!"

நீ பெட்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய். ஒன்று, இரண்டு, மூன்று. நெற்றியில் வேர்த்தது. நாலாவதை என் கையில் கொடுத்தாய்.

"இதானே மச்சான்?"

"இதான். போடு."

அதே நேரத்தில் ஒரு குழாய் கரகரத்தது. நீ ஒயரைப் பிடிக்க ஓடினாய். நான் தட்டை வைத்தேன், முள்ளை இறக்கினேன்.

இரண்டு குழாயும் சேர்ந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, உடம்பு நிலையில்லாதது என்று அந்தப் பெரியவர் உருக ஆரம்பித்தார். சரியாக மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைத்த நேரம்.

மாப்பிள்ளையின் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் ஓடிவந்து ஒயரைப் பிடித்து இழுத்தார். "டேய் கஸ்மாலம்! கண்ணாலத்துக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா?" பந்தல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா மட்டும், "நல்ல பாட்டுதானப்பா, ஏன் நிறுத்திக்கினீங்க?" என்று கேட்டார். அவரையும் நாலு பேர் ஏசினார்கள்.

தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தபோது நீ நடுவில் வந்து நின்றாய். "என் தப்புங்க. அவன் மேல கைய வெக்காதீங்க. தட்ட எட்த்து குட்த்தவன் நானு."

அடி உனக்கு விழுந்தது. ஒரே அடிதான். ஆனால் இருநூறு பேர் பார்க்க விழுந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். திருமுல்லைவாயில் தாண்டின பிறகு, "மாமே, நெஜமாவே என் தப்புடா" என்றாய்.

நான் நம்பவில்லை. படித்தவன் பார்த்து எடுத்துக் கொடுத்த தட்டு எப்படித் தப்பாக இருக்கும்? தட்டுக்கு இரண்டு பக்கம். நீ சரியான பக்கத்தைத்தான் காட்டியிருப்பாய், எழுத்துத் தெரியாத நான்தான் புரட்டி வைத்திருக்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "நீ நல்லவன் மச்சான். என்னிய உட்டுக் குடுக்காம பேசற" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு, "சரி, உட்டுத்தள்ளு" என்றாய்.

கருமாதி செட்டு. அந்தப் பெயர் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் நமக்கு முன்னால் போய் நின்றது. முகூர்த்தம் வந்தது, போனது. யாரும் கூப்பிடவில்லை.

அந்த வேலையில்லாத நாட்களில்தான் நீ முள்ளைக் கண்டுபிடித்தாய். ஒருநாள் மத்தியானம் ஆம்ப்ளிஃபயரைப் போடாமலேயே, பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தட்டை மட்டும் சுழலவிட்டு முள்ளை வைத்தாய். "மாமே, காத கிட்ட கொண்டா" என்றாய். முள்ளிலிருந்து எறும்பு பாடுகிற மாதிரி மெல்லிசாகப் பாட்டு வந்தது. பேட்டரியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். "எட்த்த எட்ப்புலயே எந்தத் தட்டுன்னு தெரிஞ்சிக்கணும். பொட்டும் வாணாம், எழ்த்தும் வாணாம். எழ்த்த பாத்து போடறவன் ஆயிரம் பேரு கீறான். காத வெச்சு போடறவன் நாம ரெண்டு பேருதான்" என்றாய்.

எனக்காகத்தான் இந்தப் பாடு படுகிறாய் என்று நினைத்தேன்.

வேப்பமரத்தடியில் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு காதை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். தங்கச்சி தண்ணீர்க் குடத்தோடு போகும்போது, "இன்னாண்ணே, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேன் பாக்கறீங்களா?" என்பாள். ராகத்தின் பெயர் நமக்கு எங்கே தெரியும்? நாமே பெயர் வைத்தோம். முழுதாக வந்து முழங்குவது கதவு திறக்கிற பாட்டு. சரசரவென்று ஏறி இறங்குவது ரயில் பிடிக்கிற பாட்டு. தெலுங்கில் பாடின அந்த அம்மாளுடையது தலை கோதுற பாட்டு. இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்றும் காதுக்கு வந்துவிட்டன. முள் விழுந்த உடனே இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லுவோம்.

பெயர் கேட்கத் திருமுல்லைவாயில் கோயில் நாயனக்காரரிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ தலை கோதுற பாட்டை முனகிக் காட்டினாய். அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். "சஹானாய்யா இது. எந்த வாத்தியாருகிட்ட கத்துக்கினீங்க?"

"முள்ளுகிட்ட, அண்ணாத்தே" என்றாய். அவருக்குப் புரியவில்லை. நாம் தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஆனால் காது வந்து என்ன, கூப்பிட ஆள் வரவில்லை. செட்டைப் பூந்தமல்லிக்காரர் ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். தட்டுகளையும் கேட்டார். அதை மட்டும் நீ கொடுக்கவில்லை. நான் அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிற வேலையில் சேர்ந்திருந்தேன். நீயும் அங்கேயே வந்தாய். செட்டுக்காரன் மூட்டை தூக்கினாய், மச்சான். நான் தூக்குவது எனக்குப் பாரமாக இல்லை, உன் தோளில் இருந்ததுதான் எனக்குப் பாரம். லாரிச் சத்தத்துக்கு நடுவில் நீ பாட்டுக்கு ரயில் பிடிக்கிற பாட்டை முனகிக்கொண்டு போவாய். ஒருநாள்கூட, உன்னால்தான் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுபதுகளில் நமக்கு இருந்த ஒரே சுகம் கோயில் கச்சேரிகள்தான். பாடியிலோ அம்பத்தூரிலோ எங்கே கச்சேரி என்றாலும் ஒரே சைக்கிளில் போவோம். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொள்வோம். பாடகர் வாயைத் திறந்ததும் ராகத்தைச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னவன் திரும்பி வரும்போது சைக்கிள் மிதிக்கவேண்டும், ஜெயித்தவன் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருவான். பெரும்பாலும் நான்தான் மிதித்தேன். "மூச்சு வாங்காத மாமே, சுருதி கலையுது" என்று முதுகில் தட்டுவாய்.

தர்பார் ராகமா, நாயகி ராகமா என்று ஒரு தட்டுக்காகச் சண்டை போட்டோமே. அடிக்கடி போட்டோம். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நீ தர்பார் என்றாய். நான் நாயகி என்றேன். கடைசிவரை தீரவில்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

உன் மகள் போன பிறகு, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நடுக் காகிதத்தைப் படித்தேன். தமிழில் இருந்தவற்றை நானே படித்தேன். எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு, அதன் எடுப்பை வாய்க்குள் பாடிப் பார்த்துக்கொண்டேன். சரி. சரி. இதுவும் சரி. மூன்று நாள் இதே வேலை. அறுபதாம் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நாம் தலையை ஒட்டிக்கொண்டு கற்றது எல்லாம் சரி, மச்சான். அந்தச் சண்டைத் தட்டையும் பார்த்தேன். நாயகி. நான் சொன்னதுதான். இப்போது நீ எனக்கு ஒருமுறை சைக்கிள் மிதிக்கவேண்டும்.

பிறகு உறைகளில் நீ எழுதினதைப் படிக்க உட்கார்ந்தேன். உன் கையெழுத்தை முதல்முறையாகப் படிக்கப்போகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. கூட்டெழுத்துப் போல இருக்கிறது, நமக்குப் பாடம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் நாலு உறைகளை வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

டீச்சர் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாள்.

"இது யார் எழுதினது தாத்தா?"

"என் சிநேகிதன். நல்லா எழுதுவான். தெலுங்கா இருக்குமோ?"

"தெலுங்கு இல்ல. இங்கிலீஷும் இல்ல. எந்த எழுத்தும் இல்ல தாத்தா. எழுதற மாதிரி கை போயிருக்கு, அவ்ளோதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சேர்ந்த புதுசுல இப்படித்தான் எழுதுனீங்க" என்றாள்.

வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. பழையது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டீக்கடையில் பேப்பர் கொடுத்தால், "கண்ணு எரியுது, நீ படி வாத்தியாரே" என்று கடைக்காரரிடமே நீட்டுவாய். பூந்தமல்லி பஸ் எதிரில் வந்து நின்றாலும், "எங்க போவுது இது?" என்று கண்டக்டரைக் கேட்பாய். கம்பெனியில் நான் கைநாட்டு வைப்பேன். நீ கையெழுத்துப் போடுவாய், எப்போதும் ஒரே மாதிரி, கோலம் போடுகிற மாதிரி. கோவில்பதாகையில் நாலு தட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது உன் நெற்றியில் வந்த வேர்வை. பொட்டு போன தட்டுகளைப் பார்த்தபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை. அது கோபம் இல்லை.

பொட்டு எனக்காக மட்டும் வைத்தது இல்லை. பெரம்பூர்ப் பெரியவர் சொல்லச் சொல்ல உனக்காகவும்தான் வைத்துக்கொண்டிருப்பாய். முள்ளுக்குக் காது கொடுத்ததும் எனக்காக மட்டும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் இருந்தோம். ஒருவன் மட்டும் அதை மறைத்துக்கொண்டு, இன்னொருவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான்.

எவ்வளவு பயந்திருப்பாய், மச்சான். நான் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். நீ ஒவ்வொரு நாளும் தெரிந்தவன் மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த மத்தியானம் நான் கழுவினது உன் மறைப்பை. அப்படியும் நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடி வாங்கிக்கொண்டு, "நெஜமாவே என் தப்புடா" என்று சொன்னாய். அது எவ்வளவு கஷ்டமான உண்மை என்று இப்போது தெரிகிறது. நான் அதை உன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, உன் வாயை அடைத்துவிட்டேன். நீ நல்லவன் மச்சான் என்று சொல்லாமல், எப்படிடா தப்பாச்சு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் திருமுல்லைவாயில் ரோட்டிலேயே நீ சொல்லியிருப்பாய். நானும் சிரித்திருப்பேன். வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

உறைகளில் இருக்கிற கோடுகளை அழித்துவிட்டுப் பெயரைச் சரியாக எழுதிவிடலாமா என்று டீச்சர் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தலை கோதுற பாட்டின் உறையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மற்ற உறைகளில் வெறும் கோடுகள். இதில் கோடுகளுக்கு நடுவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு மரம் வரைந்திருக்கிறாய். மரத்தில் ஒரு குழாய். குழாய்க்குப் பின்னால் குச்சிக் கை, குச்சிக் காலோடு ஒரு ஆள், இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். இதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் தட்டு சுழற்றுகிற பெட்டி இல்லை. அதனால் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் அந்த எடுப்பு தானாக வருகிறது. பல் விளக்கும்போது வருகிறது. ஸ்டேஷன் படி ஏறும்போது வருகிறது. எதிரில் வருகிறவர்கள் கிழவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்று நினைக்கிறார்கள். உன்னோடுதான் பேசுகிறேன். சொல் இல்லாமல்தான் நீயும் நானும் எப்போதும் பேசினோம்.

மன்னிப்பு என்று எழுதிப் பழகின இரண்டு பக்கத்தையும் கிழிக்கவில்லை. கழுவினதற்கு ஒரு பக்கம், நம்பாமல் போனதற்கு ஒரு பக்கம். இரண்டையும் இந்தக் கடிதத்தோடு மடித்து, அந்த உறைக்குள்ளேயே வைக்கப்போகிறேன்.

நாயகியில் நான் ஜெயித்தேன். ஆனால் அதைவிடப் பெரிய தட்டு ஒன்று இத்தனை வருஷமாக என் எதிரிலேயே சுழன்றுகொண்டிருந்தது. அது என்ன ராகம் என்று நான் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். தோற்றவன் நான்தான். சைக்கிளை நானே மிதிக்கிறேன், மச்சான். நீ பின்னால் குந்திக்கொண்டு பாடிக்கொண்டே வா.